நெடுந்தீவா, ராமேஸ்வரமா, அந்தமானா? ராயபுரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு

என் மனைவியின் தம்பி தண்டையார்பேட்டையில் இருக்கிறான். பிப்ரவரியில் அவனுக்கு ஆறு நாள் லீவு கிடைக்கிறது. கூட வர இரண்டு நண்பர்கள் தயார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், வஞ்சிரம் வறுவலைப் பிய்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, டூர் பேக்கேஜ்லாம் வேணாம். ஒருத்தர் முன்னாடி கொடி புடிச்சிகினு போவ, பின்னாடியே ஓடுறது நம்மளால ஆவாது. பழைய கட்டடம் இருக்கணும், பீச்சு இருக்கணும், நாங்களே சுத்தணும். ஏதாவது தீவு சொல்லு."

பீச்சுக்கு எதுக்குடா தீவு, பக்கத்திலேயே காசிமேடு இருக்கே என்றேன். முறைத்தான்.

நான் மண்ணடியில், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கப்பல் வருவதும் போவதும் தாளில்தான் தெரியும். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள அந்தமான், ராமேஸ்வரம், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற நெடுந்தீவு என்று மூன்றுக்கும் பேக்கேஜ் இல்லாமல் போய் வந்திருக்கிறேன். எந்தத் தீவு அழகு என்று கேட்டால் மூன்றும் அழகுதான். தீவுக்குத் தனியாகப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது, திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை. எவ்வளவு தூரம் போகலாம், எங்கே உட்காரலாம், கடலில் இறங்கலாமா கூடாதா எல்லாவற்றையும் அந்த நேரம்தான் முடிவு செய்யும். இதை நான் ஒரு பகல் முழுவதையும் வீணாக்கித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தமானை முதலில் பார்த்துவிடலாம். வடசென்னைக்காரனுக்கு அதுதான் வாசல்படியில் இருக்கிற தீவு. நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் போகிறது, ஆனால் மாதத்துக்குச் சில தடவைதான், போய்ச் சேர மூன்றாம் நாள் ஆகிவிடும். ஆறு நாள் லீவில் போக மூன்று, வர மூன்று. இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே கப்பலில் ஏறினால் கணக்கு சரியாக இருக்கும். ஆகவே விமானம். இரண்டேகால் மணி நேரம்தான், ஆனால் பிப்ரவரி சீசன் என்பதால் கட்டணம் எகிறியிருக்கும்.

கடற்கரை என்று மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்தில் வைக்க மற்ற இரண்டு தீவிலும் ஒன்று இல்லை. அங்கே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். எடுத்துக்கொண்டு நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம். போர்ட் பிளேரில் தமிழிலேயே காலம் தள்ளலாம், அவ்வளவு தமிழர்கள். பெயர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ஹேவ்லாக் 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் வரும்.

ஆனால் மச்சான் கேட்ட 'பழைய கட்டடம்' அங்கே எவ்வளவு பழையது? செல்லுலர் ஜெயிலை 1896-ல் கட்ட ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். ஏழு சிறகில் இன்று மூன்றுதான் மிச்சம். போய் நின்றால் பேச்சு நின்றுவிடும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ராஸ் தீவில் இடிந்த தேவாலயச் சுவரை மரத்தின் வேர்கள் பின்னிப் பிடித்திருக்கின்றன, இடையில் மான்கள் மேய்கின்றன. 1941 நிலநடுக்கமும் மறு வருஷம் ஜப்பான்காரர்கள் வந்ததும் சேர்ந்து அந்த ஊரைக் காலி செய்துவிட்டன. ஆனாலும் வயதுக் கணக்கு என்று வந்தால், நம் ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்தது 1856-ல். செல்லுலர் ஜெயில் கட்டி முடிப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னாடி. பழமை தேடி அந்தமான் போகிறவன், கல்மண்டபத்தில் பஸ் ஏறும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ராஸுக்குப் போகிற படகும், போன பயணிகளைக் குறிப்பிட்ட நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடும். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் முழுக்க ஃபெர்ரி நேரத்தை நம்பித்தான். சில கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

ராமேஸ்வரம் இதற்கு நேரெதிர். பாஸ்போர்ட் வேண்டாம், விமானம் வேண்டாம். ராத்திரி ரயிலில் ஏறினால் விடியும்போது பாம்பன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள்ளேயே போகிறது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்திலேயே இறக்கிவிட்டார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தில் ரயில் கடலைத் தாண்டும். அந்த நேரத்தில் பெட்டியில் யாரும் படுத்திருக்க மாட்டார்கள்.

கோயில் பிரகாரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1212 தூண்கள், சேதுபதிகள் காலத்து மூன்றாம் பிரகாரம். மதியம் வெளியே கொளுத்தும்போது உள்ளே கல் தரையில் கால் குளிரும். 22 தீர்த்தத்துக்கும் ஈரத் துணியோடு ஓடுகிற கூட்டத்தில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம்.

தனுஷ்கோடிதான் மச்சான் கேட்கிற மாதிரி இடம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் போன ஊர். தேவாலயத்தின் சுவர், ஸ்டேஷனின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி என்று மணலில் நிற்கின்றன. அதற்கு முன் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். போட் மெயில் என்றால் அதுதான். இப்போது அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பவர்களுக்கு ராமேஸ்வரத்தோடு பயணம் முடிகிறது.

2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்ட பிறகு போவது சுலபமாகிவிட்டது. சுலபமானதில்தான் குறையும் வந்தது. பத்து மணிக்கு மேல் போனால் வேனும் பஸ்ஸும் வரிசை கட்டி நிற்கும், இடிந்த சுவருக்கு முன்னால் சங்குக் கடை. ஊரில் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு விடிகாலையில் போய்விட வேண்டும். சுமார் 20 கி.மீ., பக்கவாட்டில் காற்று தள்ளும். மாலையில் சோதனைச் சாவடியிலேயே வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள் என்பதால் சூரிய அஸ்தமனத்துக்குத் திட்டம் போடாதீர்கள். குளிப்பதைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்பார்கள். ஒன்று குளம் மாதிரி கிடக்கும், மற்றது இழுக்கும். இரண்டும் சேர்கிற முனையில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ராமேஸ்வரம்தான் சொல்வேன். மூன்று இளவட்டங்களுக்கு அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

கச்சத்தீவையும் ஒருவன் கேட்டான், மச்சானின் நண்பன். அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், பெயர் பதிந்து, எல்லோரோடும் படகில் போய், எல்லோரோடும் திரும்ப வேண்டிய இடம் அது. தனியாகச் சுற்றுகிற பேச்சே இல்லை.

சரி, நெடுந்தீவு.

இந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் கேட்டிருப்போம்: 'நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது.' செய்தியில் 'அருகே' வருகிற அளவுக்கு அந்தத் தீவு வராது. உள்ளே சுமார் 50 சதுர கி.மீ.யில் சில ஆயிரம் தமிழர்கள் வாழ்கிறார்கள், குதிரைகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன என்பதெல்லாம் எனக்கே போன பிறகுதான் தெரியும்.

போகிற வழி கொஞ்சம் நீளம். பாஸ்போர்ட் வேண்டும், இலங்கையின் இ.டி.ஏ. என்கிற பயண அனுமதியை முன்னாடியே ஆன்லைனில் வாங்கிவிட வேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சின்ன புரொப்பெல்லர் விமானம் போகிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சாமானைக் குறைத்துக் கட்டுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். மச்சானுக்கு லீவு குறைவு என்பதால் விமானமே சொன்னேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு தாண்டி பஸ் குறிகட்டுவான் துறைக்குப் போகும். ரோட்டின் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் வலைக்கு நட்ட கம்புகள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம். காலைப் படகில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போகிற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். பிற்பகல் படகில் அவர்களே திரும்புவார்கள். சுற்றுலாப் பயணியும் அதே படகில் திரும்ப வேண்டும் என்பதுதான் சிக்கல்.

நான் முதல் தடவை செய்த தப்பு இதுதான். காலையில் போய் மாலைக்குள் யாழ்ப்பாணம் திரும்புவதாகத் திட்டம். துறையிலேயே ஆட்டோ பிடித்தேன். வளரும் கல் என்று ஒன்று (வருஷா வருஷம் வளர்கிறது என்பது ஊர் நம்பிக்கை), பெருக்கமரம், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை, புறாக்கூடு, குதிரை, கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம். போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஹாரன். பாவம், ஆட்டோக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, படகை விட்டால் பழி அவர்மேல்தான் விழும். எந்தப் பேக்கேஜும் வேண்டாம் என்று போனவன், நானே ஒரு பேக்கேஜ் போட்டு அதற்குள் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை ஒரு ராத்திரி அங்கேயே தங்கினேன். தங்கும் வீடுகள் சில இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தே போன் போட்டுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பகல் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடைசிப் படகு போனதும் தீவின் சத்தமே மாறிவிடுகிறது. வெயில் சாய்ந்த பிறகு வாடகை சைக்கிளில் கிளம்பினேன்.

அப்போதுதான் வேலிகளைப் பார்த்தேன். முதல் நாள் ஆட்டோவில் அவை வெறும் கல்வரிசையாக ஓடின. இறங்கிக் கிட்டே போனால் ஒவ்வொன்றும் செத்த பவளம். ஒன்றில் தேன்கூடு மாதிரிக் கண்கள், அடுத்ததில் மூளை மடிப்பு மாதிரிச் சுருள், இன்னொன்றில் விரல் விரலாகக் கிளை. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். இடுப்பு உயரத்தில், வளைவில்கூடச் சரியாமல் நிற்கிறது. ஓட்டை வழியே மறுபக்கத்து மாடு தெரிந்தது. வீட்டு மதிலும் இதே கல், வயல் வரப்பும் இதே கல்.

கோட்டையும் அதே பவளக்கல்தான். மருத்துவமனைக்குப் பின்பக்கம் இருக்கிறது. கூரை இல்லை, பெரிய சுவர்கள் மட்டும். புறாக்கூடு என்பது செய்தி கொண்டு போகும் புறாக்களுக்காக ஒல்லாந்தர் கட்டிய சின்னக் கோபுரம், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சதுரப் பொந்துகள். டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரை இந்தத் தீவுக்கு வைத்தவர்களும் அவர்களே. பெருக்கமரத்தின் அடியில் உள்ளே போய் நிற்கிற அளவுக்குப் பொந்து. உள்ளே சில்லென்று இருக்கிறது. பட்டையில் ஜோடி ஜோடியாகப் பெயர் செதுக்கியிருக்கிறார்கள், அதில் மட்டும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இல்லை.

வெடியரசன் கோட்டை என்று ஊரார் காட்டும் இடம் ஒன்று உண்டு. தொல்லியல் துறைக்கு அது பௌத்தத் தூபிகளின் எச்சம். இரண்டு பேச்சும் காதில் விழும். அங்கே போய் யாரோடும் வாதாடாமல் வட்ட வட்டமான கல் அடுக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

குதிரைகள் போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வாரிசுகள். குட்டையான உடம்பு. கிட்டப் போக விடாது, ஓடவும் ஓடாது; இருபதடி தள்ளி நின்று நம்மை அளக்கும். கோடையில் தண்ணீருக்குத் திண்டாடும், பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் பிப்ரவரி சரியான மாதம்: மழை போயிருக்கும், பச்சை இருக்கும், கச்சான் காற்று இன்னும் எழுந்திருக்காது. காசிமேட்டில் கச்சான் என்றால் காற்று. யாழ்ப்பாணத்தில் ஒரு பாட்டி "கச்சான் வேணுமோ" என்று கேட்டபோது நான் கடலைப் பார்த்தேன். அவர் கையில் வறுத்த வேர்க்கடலை.

கடற்கரை? ராதாநகர் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். தண்ணீர் தெளிவு, ஆழம் குறைவு, ஆனால் அடியில் பவளத் துண்டுகள். செருப்போடு இறங்க வேண்டும். ஆள் கிடையாது என்பதுதான் அதன் பெருமை. அன்று மாலை ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த ஆள், மண்டா என்கிற குத்தீட்டியோடு நண்டு தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும். கரையில் கிடக்கிற பவளத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கஸ்டம்ஸில் மாட்டினால், அதே தொழிலில் இருந்தாலும் நான் வர மாட்டேன் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி நண்டுக்கறியும் சோறும் போட்ட வீட்டு அக்கா, சென்னை என்றதும் கடலைப் பற்றித்தான் பேசினார். "தம்பி, உங்கட றோலருகள் வந்து போனா எங்கட வலை மிஞ்சாது." றோலர் என்று அவர் சொன்னது நம் இழுவைப் படகுகளை. நான் அதுவரை செய்தியின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவன். காசிமேட்டில் எனக்குத் தெரிந்தவர்களின் கஷ்டத்தையும் சொன்னேன். கேட்டார். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவர்தான் குமுதினிப் படகைப் பற்றிச் சொன்னார். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போனவர்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நிற்கலாம்.

சைக்கிளா ஆட்டோவா என்றால், ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்குச் சைக்கிள், பகலில் திரும்புகிறவர்களுக்கு ஆட்டோ. சைக்கிளுக்கு பங்க்சர் சாமான் கையோடு வேண்டும்; பவளச் சில்லு டயரைப் பதம் பார்க்கும், எனக்கு இரண்டு தடவை ஆனது. பனைமரத்தைத் தவிர நிழல் கிடையாது. பல கிணறுகள் உப்பு, குடிதண்ணீரை வாங்கிக்கொண்டே போங்கள். இலங்கைப் பணம் ரொக்கமாக இருக்கட்டும், பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும்.

மறுநாள் காலைப் படகில் குறிகட்டுவான் திரும்பினால் அதே துறையிலிருந்து நயினாதீவுக்கு இன்னொரு படகு. கொஞ்ச நேரப் பயணம்தான். நாகபூசணி அம்மன் கோயிலில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவின் 12-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, தமிழில். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் சரக்கில் கால் பங்கு அரசுக்கு, மீதி உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. கிளியரிங் ஆபீஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய தரிசனம் என்ன வேண்டும்! நான் அங்கே நின்ற நேரத்தில் என்னோடு வந்தவர்கள் அம்மனைப் பார்த்து, பிரசாதம் வாங்கி, படகுத்துறைக்கே போய்விட்டார்கள்.

செலவு பார்த்தால் ராமேஸ்வரம் மிக மலிவு. அந்தமானும் யாழ்ப்பாணமும் விமானக் கட்டணத்தைப் பொறுத்து மாறி மாறி வரும். தரையிறங்கிய பிறகு யாழ்ப்பாணப் பக்கம் கையைக் கடிக்காது. ஆறு நாளில் இரண்டு நாள் யாழ்ப்பாணம், ஒரு ராத்திரியோடு இரண்டு நாள் நெடுந்தீவு, ஒரு நாள் நயினாதீவு, கடைசி நாளைச் சும்மா விட்டு வைக்க வேண்டும். கடல் சரியில்லை என்று படகை நிறுத்தினால் அந்த ஒரு நாள்தான் விமானத்தைக் காப்பாற்றும். மச்சானுக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மாமியார் நடுவில் புகுந்து, பசங்க எங்கேயோ போகட்டும், எனக்கு ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போடு என்று தனிக் கணக்கு ஆரம்பித்துவிட்டார்.

ஒத்திகை வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. பொன்னேரி வரை மின்ரயில், அங்கிருந்து பஸ், பழவேற்காடு. நெடுந்தீவில் புறாக்கூடு கட்டிய அதே ஒல்லாந்தர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். இப்போது அது அகழி சூழ்ந்த புதர்மேடு. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் அங்கே யாராவது படகில் ஏற்றிக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து ஒரே நாளில் 22 பேர் போன இடம்.

மச்சான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு இன்னும் கூப்பிடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பழவேற்காடு போகிறார்களாம், சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவார்களா என்று கேட்கிறான்.